தேரையின் சொந்தக்காரி

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தேரை காஜாம்மாவின் வாயால் கெட்டது.

சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பித்தான் தைத்துக் கொடுப்பது அவள் வேலை. அதனால் தெருவில் அந்தப் பெயர். பெரிய தையற்கடையிலிருந்து காலையில் ஒரு மூட்டை வரும், மாலையில் ஒரு மூட்டை போகும். கொண்டுவருகிற ஆள் வண்டியை அணைக்காமலே வாசலில் நின்று ஹாரன் அடிப்பான். கணவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஊரையெல்லாம் ஏற்றி இறக்கியவர், தான் இறங்க வேண்டிய இடம் வந்ததும் ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கிப் போய்விட்டார். ஒரே மகள் கடல் தாண்டி இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோனில் முகம் காட்டுவாள். சாப்பிட்டாயா என்று இவள் கேட்பாள், சாப்பிட்டாயா என்று அவள் கேட்பாள். இருவரும் சாப்பிட்டிருப்பார்கள். அதற்கு மேல் இரண்டு பக்கமும் சரக்கு இருக்காது.

அந்தக் கோடையில்தான் அவள் வீட்டுக் குளியலறையில், தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால், தேரை வந்து உட்கார்ந்தது. உள்ளங்கையில் பாதி இருக்கும். முதுகெல்லாம் கொப்புளம். இரண்டு கண்களுக்கும் நடுவிலிருந்து வால் எலும்பு வரைக்கும் காவி நிறத்தில் ஒரு கோடு. காஜாம்மா துடைப்பத்தோடுதான் போனாள். அது ஓடவில்லை. மாதம் தவறாமல் வாடகை கொடுக்கிறவர் வீட்டுக்காரரைப் பார்ப்பது போல அரைக் கண்ணால் பார்த்தது. துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டு வந்துவிட்டாள். அன்றிலிருந்து அது பெரியவர் ஆயிற்று. உள்ளே போகுமுன் ஒருமுறை செருமுவாள். "லைட்டைப் போடுறேன் பெரியவரே" என்று சொல்லிவிட்டுத்தான் சுவிட்சைத் தொடுவாள். கடைக்காரன் கொடுக்கும் நூல் மட்டம், சட்டைக்காரர்களுக்கு வயிறு பெருத்துவிட்டது, மாடி வீட்டுப் பெண் படியில் பார்த்தும் சிரிக்கவில்லை என்று துணி அலசிக்கொண்டே சொல்வாள். பெரியவர் நடுவில் குறுக்கிட மாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுவிட்டதை இருவரும் உறுதி செய்துகொண்ட பிறகு, பேச்சு அறுந்துவிடக் கூடாதே என்று ஃபோனைக் குளியலறைக்குக் கொண்டுபோய்ப் பெரியவரைக் காட்டினாள். மகள் முதலில் அலறினாள், அப்புறம் சிரித்தாள், அப்புறம் சின்ன வயதில் தான் வளர்த்த நத்தையைப் பற்றிச் சொன்னாள். ஃபோன் கையில் சுடும்வரை பேசினார்கள். காஜாம்மாவுக்கு அன்றைக்கு இரண்டு சட்டைகளில் பித்தான் இடம் மாறிப்போகும் அளவுக்குச் சந்தோஷம்.

மகள் அப்போதே ஃபோனில் பெரியவரைப் படம் எடுத்து, ஊருக்கெல்லாம் தெரியும்படி இணையத்தில் போட்டுவிட்டாள். அந்த வாரமே வாசலில் ஜீப் வந்து நின்றது. இஞ்சினை அணைத்தார்கள். அப்போதே இது பெரிய விஷயம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வந்தவர்கள் தேரையின உறவுமுறை நிர்ணய ஆணையத்தைச் சேர்ந்தவர்கள். அழிந்துவரும் தேரைகளில் யார் யாருக்கு என்ன உறவு, எந்தக் குடும்பத்திலிருந்து எது எப்போது பிரிந்துபோனது என்று தீர்மானிப்பது அந்த ஆணையத்தின் வேலை. காப்பாற்றுவது வேறு துறை. அந்தத் துறை இன்னும் தொடங்கப்படவில்லை. யாரென்று தெரிந்த பிறகுதானே காப்பாற்ற முடியும் என்று காத்திருந்தார்கள்.

ஆணையத்தில் இரண்டு பிரிவுகள். முதல் மாடியில் பிரிப்புப் பிரிவு. ஒரே குட்டையில் இரண்டு தேரை உட்கார்ந்திருந்தால் அவை இரண்டு இனம் என்பது அவர்கள் கொள்கை. இரண்டாம் மாடியில் சேர்ப்புப் பிரிவு. இரண்டு கண்டங்களில் இரண்டு தேரை இருந்தாலும் வெயிலும் தண்ணீரும்தான் வேறு, ஆள் ஒன்றுதான் என்பது அவர்கள் கொள்கை. இவர்கள் வழக்கு முடிவுக்கு வருவதற்குள் பல தேரைகள் தாமாகவே முடிவுக்கு வந்துவிட்டன. அப்படி ஓர் இனம் பூண்டோடு போகும்போது இரண்டு பிரிவும் வராந்தாவில் ஒன்றாக நின்று மௌனம் அனுசரிக்கும். அவர்கள் சேர்ந்து செய்யும் ஒரே காரியம் அதுதான், அதிலும் பேச்சு கிடையாது.

பிரிப்பு அதிகாரி ஒல்லியாக, உயரமாக இருந்தார். உட்காரத் தன் நாற்காலி, குடிக்கத் தன் தண்ணீர், தன் கோப்பை எல்லாவற்றையும் கொண்டுவந்திருந்தார். சேர்ப்பு அதிகாரி தடித்த மனிதர். வாசல்படி ஏறும்போதே அவளை அக்கா ஆக்கிவிட்டார்.

பிரிப்பு அதிகாரி பீப்பாய்க்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார். டார்ச்சை அணைக்க மறந்து எழுந்தார். குரலைச் சரிசெய்துகொண்டு, "நீங்க இதுக்குச் சொந்தக்காரியா?" என்று கேட்டார்.

"எங்க வீட்டு பாத்ரூம்லதான் சார் இருக்கு."

"சொந்தக்காரின்னு சொன்னா அது குற்றம். அரிய உயிரை யாரும் சொந்தம் கொண்டாடக் கூடாது."

"அப்ப நான் சொந்தக்காரி இல்லை சார்" என்று அவள் அவசரமாகச் சொன்னாள்.

குளியலறை வாழிடம் என்று அறிவிக்கப்பட்டது. கதவுக்குக் குறுக்கே சிவப்பு நாடா கட்டி, ஒரு காவலாளியை உட்கார வைத்தார்கள். காஜாம்மா குளிக்க மாடி வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. படியில் சிரிக்காத அந்தப் பெண், வேறு வழியில்லாமல், வாளியும் கையுமாக வந்தவளைப் பார்த்துச் சிரித்தாள். பிரிப்புப் பிரிவு தனியாக இருந்தால் தேரையிடம் எதையாவது சொல்லித் தன் கட்சிக்கு இழுத்துவிடும் என்று சேர்ப்புப் பிரிவுக்குச் சந்தேகம். சேர்ப்புப் பிரிவு பக்கத்துச் சாக்கடையிலிருந்து இன்னொரு தேரையைப் பிடித்து உள்ளே விட்டுவிடும் என்று பிரிப்புப் பிரிவுக்குப் பயம். ஆகவே இரண்டு அதிகாரிகளும் காலை முதல் மாலை வரை கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரையொருவர் கண்காணித்தார்கள்.

அவள் வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. கோப்பைகள் போதாமல் கடைக்குப் போய் வாங்கிவந்தாள். காவலாளிக்குச் சட்டையில் மேல் பித்தான் இல்லை, தைத்துக் கொடுத்தாள். இதைப் பார்த்து ஜீப் டிரைவரும் தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். மாலையில் எல்லாரும் கிளம்பும்போது "நாளைக்கு வருவீங்கல்ல?" என்று கேட்பாள். "விஷயம் இப்போதைக்கு முடியாதும்மா" என்று பிரிப்பு அதிகாரி அலுப்போடு சொல்வார். அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருக்கும்.

பேச்சு தேரையிலிருந்து நழுவி வீட்டுக் கதைக்கும் வரும். அப்பா இறந்ததும் வீட்டை அண்ணன் தம்பிகள் நாலாகப் பிரித்துக்கொண்டதைப் பிரிப்பு அதிகாரி ஒருநாள் சொன்னார். நடுவில் சுவர் எழுப்பினார்கள். கிணற்றைப் பிரிக்க வழி தெரியவில்லை, மூடிவிட்டார்கள்.

"இப்ப நிம்மதியா இருக்கா சார்?"

"ரொம்ப நிம்மதி. ஒரு சத்தம் கிடையாது" என்றார் அவர்.

சேர்ப்பு அதிகாரி பெருமையாக நிமிர்ந்தார். தங்கள் வீட்டில் அண்ணன் தம்பி, அவர்கள் மாமனார்கள், மச்சினர்கள் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ் என்றார். "எது யார் பிள்ளைன்னு எனக்கே சில சமயம் குழப்பம் வரும். எதுக்குக் கண்டுபிடிக்கணும்னு விட்டுட்டேன். ஒற்றுமைன்னா அதுதான் அக்கா." தூங்குவதற்கு மட்டும் அவர் அலுவலகத்துக்கு வந்துவிடுவதாகக் காவலாளி பிற்பாடு சொன்னான்.

வழக்கு என்னவென்று காஜாம்மாவுக்கு மெல்லப் புரிந்தது. இது பல கோடி வருஷமாகத் தனியாக வந்த ஒரு வம்சத்தின் கடைசி ஆள் என்பது பிரிப்பு அதிகாரியின் கட்சி. அவர் ஜெயித்தால் பெரியவரை ஆணையத்தின் பாதுகாப்பு அறைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். ரோட்டோரத்துத் தேரைதான், பீப்பாயின் துரு பட்டுக் கோடு விழுந்திருக்கிறது என்பது சேர்ப்பு அதிகாரியின் கட்சி. அவர் ஜெயித்தால் பெரியவர் இருப்பார், இத்தனை பேரும் நாற்காலியை மடக்கிக்கொண்டு போய்விடுவார்கள். எந்தப் பக்கம் தீர்ப்பு வந்தாலும் வீடு காலி. பித்தான் தைக்கும்போது, இந்தச் சண்டை தீரவே கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டாள்.

ஆனால் ஆணையர் தீர்ப்போடு வந்துவிட்டார். நாலு பேர் நின்றால் முட்டிக்கொள்ளும் அந்தக் கூடத்தில் மைக் வைத்துப் பேசினார்.

"இந்தத் தேரைக்கு அண்ணன் தம்பி கிடையாது. பங்காளி கிடையாது. மாமன் மச்சான் கிடையாது. சொந்தம்னு சொல்லிக்க ஒரு நாதி இல்லை. இப்படி ஒரு அநாதை நமக்குக் கிடைச்சது ஆணையத்தோட பாக்கியம். இதைவிடத் தனியான உயிர் வேற எந்த நாட்டு ஆணையத்துலயும் இல்லைன்னு அடிச்சுச் சொல்றேன். இந்தத் தனிமையை நாம யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டோம்."

எல்லாரும் கை தட்டினார்கள். சமையலறை வாசலில் தட்டோடு நின்ற காஜாம்மாவும், ஒரு கை காலியாக இல்லாததால், தட்டின் விளிம்பில் விரலால் தட்டினாள். அன்று மாலை பெரியவரைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள். கடைசியாகப் போனவர் சிவப்பு நாடாவையும் சுருட்டி எடுத்துப் போனார்.

மறுநாள் குளியலறை வாசலில் அவள் செருமினாள். யாரும் பார்க்கவில்லை என்றாலும் வெட்கமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மகள் பெரியவரைக் காட்டச் சொன்னாள். போய்விட்டார் என்றாள் காஜாம்மா. பிறகு இருவரும் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் மூட்டை வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டுப் பஸ் ஏறி ஆணையத்துக்குப் போனாள். அது முன்பு ஆஸ்பத்திரியாக இருந்த கட்டடம். சுவரிலிருந்த பலகையை யாரும் எடுக்கவில்லை. 'பார்வை நேரம் மாலை. உறவினர்களுக்கு மட்டும்.' கேட்டில் அவள் பித்தான் தைத்துக் கொடுத்த அதே காவலாளிதான் இருந்தான். அவனுக்கு அவளை உள்ளே விட ஆசைதான். ஆனால் பலகையைக் காட்டினான்.

"இது ஆஸ்பத்திரி போர்டு இல்லையாப்பா?"

"ஆமாம்மா. ஆனா போர்டு இருக்கே. என்ன உறவுன்னு சொன்னாத்தான் உள்ளே விடலாம். நீங்க அவருக்கு என்ன வேணும்?"

என்ன வேணும் என்று அவளுக்குத் தெரியவில்லை. சொந்தக்காரி என்றால் குற்றம். இல்லையென்றால் அனுமதி இல்லை. அலுவலகத்துக்குப் பார்வை நேரம் கிடையாது, மாடிக்குப் போய்க் கேட்டுவரச் சொன்னான்.

முதல் மாடியில் பிரிப்பு அதிகாரி அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பெரியவர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவராகவே சொன்னார். ஆனாலும் உறவு என்று எழுத முடியாது என்றார். உறவே இல்லை என்பதில்தான் அந்தத் தேரையின் மதிப்பெல்லாம் இருக்கிறது, அதில் கை வைக்கக் கூடாது. அவள் படியேறி இரண்டாம் மாடிக்குப் போனாள். சேர்ப்பு அதிகாரி தூங்கிக்கொண்டிருந்தார். உறவு என்ற சொல் காதில் விழுந்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

"யாருக்கு யார் உறவு இல்லை அக்கா? உங்களுக்கும் முதுகெலும்பு, அதுக்கும் முதுகெலும்பு. உங்களுக்கு நாலு கால், அதுக்கு நாலு கால், ரெண்டைக் கைன்னு சொல்லிக்கறோம், அவ்வளவுதான். மேலே போய்ப் பார்த்தா ரெண்டு பேருக்கும் ஒரே பாட்டன். தண்ணியிலேருந்து கரையேறினவர்."

அவர் உடனே சான்று எழுதிக் கொடுத்தார். முதல் மாடி உடனே ஆட்சேபித்தது. ஒரு பெண்மணி ஒரு தேரைக்கு உறவாக முடியுமா என்பதை விசாரிக்க ஆணையர் தலைமையில் முழு அமர்வு கூடியது. ஒருநாள் முழுக்க வாதம் நடந்தது. கடைசியில் பிரிப்பு அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். அவர் குரலில் கடுமை இல்லை.

"அம்மா, நீங்களே சொல்லுங்க. உங்களுக்கும் அதுக்கும் பொதுவா என்ன இருக்கு?"

காஜாம்மா நன்றாக யோசித்தாள். பெரிய மனிதர்கள் இத்தனை பேர் காத்திருக்கும்போது பொய் சொல்லக் கூடாது என்று நினைத்தாள்.

"ஒரே பாத்ரூம்தான் சார்" என்றாள்.

பொது வாழிடம் என்று சேர்ப்பு அதிகாரி குறித்துக்கொண்டார். தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. தூரத்துச் சொந்தம், முதுகெலும்பு வழி.

அதன் பிறகு மாலைகளில் அவள் போய்வந்தாள். முன்பு பிரசவ வார்டாக இருந்த அறை. வெள்ளை வெளிச்சம், குளிர் இயந்திரத்தின் உறுமல், நடுவில் கண்ணாடிப் பெட்டி. பெரியவர் மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார், காவிக்கோடு வெளுத்திருந்தது. அவள் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, கொண்டுபோன சட்டைகளில் பித்தான் தைத்தபடி தெரு விஷயங்களைச் சொல்வாள். சில நாள் கழித்துப் பெரியவர் முகத்தைத் திருப்பினார். இன்னும் சில நாளில் ஒரு பூச்சியை விழுங்கினார். வாசலில் நின்றிருந்த பிரிப்பு அதிகாரி அதைப் பார்த்தார்.

அவள் பெற்ற தீர்ப்பு இரண்டாம் மாடியில் வேறு வேலை செய்துகொண்டிருந்தது. தூரத்துச் சொந்தத்தை உள்ளே உட்கார வைத்துவிட்டு, பங்காளியை வாசலில் நிறுத்துவது என்ன நியாயம் என்று சேர்ப்புப் பிரிவு கேட்டது. ஒரு பெண்மணியே உறவென்றால் ரோட்டோரத்துத் தேரை எவ்வளவு நெருங்கிய உறவு? முதல் மாடியால் இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. முதலில் சாக்கடைத் தேரை உறவு ஆயிற்று, பிறகு வயல் தேரை, பிறகு கிணற்றுத் தேரை. கடைசியில் எல்லாம் ஒன்றே என்று முடிவாயிற்று. ஆணையர் மறுபடி மைக்கைப் பிடித்தார்.

"அழியப்போற ஒரு இனத்தை ஒரே கையெழுத்துல நாம காப்பாத்தியிருக்கோம். நேத்து வரைக்கும் உலகத்துலயே ஒண்ணே ஒண்ணு. இன்னிக்கு லட்சக்கணக்குல இருக்கு. இப்படி ஒரு பெருக்கத்தை எந்த நாட்டு ஆணையமும் பார்த்ததில்லை. இந்த வேகத்துல போனா அழிஞ்சுபோன இனங்களைக்கூட நாம திரும்பக் கொண்டுவந்துடலாம்."

பாதுகாப்பு அறையில் சாதாரணத் தேரைக்கு இடமில்லை. காவலாளி காஜாம்மாவுக்கு ஃபோன் செய்தான். "நெருங்கின ஆளுன்னு உங்க பேர்தாம்மா இருக்கு. வந்து கூட்டிட்டுப் போயிடுங்க."

நூல்கூடையில் ஈரத்துணி விரித்துப் பெரியவரை அதில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தாள். பக்கத்து இருக்கைப் பெண் கூடையில் என்ன என்று கேட்டாள். சொந்தக்காரர் என்று சொல்ல வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டாள். ஆணையத்தில் படியிறங்கும்போது முதல் மாடியைப் பார்த்திருந்தாள். அறைகள் பூட்டியிருந்தன. பிரிப்புப் பிரிவைச் சேர்ப்புப் பிரிவோடு சேர்த்துவிட்டார்கள். பிரிப்பு அதிகாரிக்கு இரண்டாம் மாடியில், மூன்று பேர் பங்கு போட்டுக்கொண்ட மேஜையில், ஓர் ஓரம் கிடைத்திருந்தது.

பெரியவர் பீப்பாய்க்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். மூட்டை வந்தது, மூட்டை போனது. வீட்டில் கோப்பைகள் மட்டும் அதிகமாக இருந்தன.

மழைக்காலம் தொடங்கி, ஒரு பிற்பகலில் நன்றாகப் பிடித்துக்கொண்டு பெய்தபோது, யாரோ கதவைத் தட்டினார்கள். பிரிப்பு அதிகாரி குடையோடு நின்றிருந்தார். கையில் நாற்காலி இல்லை, கோப்பை இல்லை.

"ஆபீஸ் விஷயமா வரலை" என்றார். "இருக்காரா?"

அவள் டீ போட்டுக் கொடுத்தாள். இருவரும் குளியலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்கள். மழை இன்னும் வலுத்தது. அப்போது பீப்பாய்க்குப் பின்னாலிருந்து, கெட்டித் துணியை ஒரே இழுப்பில் கிழிப்பது போல, நீளமாக ஒரு சத்தம் வந்தது. வந்து நின்றுவிட்டது. காஜாம்மா பதறி எழுந்தாள்.

"உடம்புக்கு முடியலையா சார்?"

"இல்லம்மா. கூப்பிடுது."

"யாரை?"

"அதோட ஆளை. மழை பெய்ஞ்சா ஆண் தேரை கூப்பிடும். பொண்ணு எங்க இருந்தாலும் சத்தம் வந்த திசையைப் பார்த்து வரும்."

"வருமா?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "இருந்தா வரும்."

"இருக்கா சார்?"

"நான் எழுதினது சரின்னா, இல்லை."

சத்தம் மறுபடி வந்தது, மறுபடி நின்றது. ஏன் நடுநடுவே நிறுத்துகிறது என்று அவள் கேட்டாள். பதில் வருகிறதா என்று பார்க்கிறது என்றார்.

அவள் போய் ஃபேனை அணைத்தாள். குளியலறையின் சின்ன ஜன்னலைத் தள்ளினாள். ஈரத்தில் மரம் ஊதி இறுகியிருந்தது. அவரும் எழுந்துவந்து உள்ளங்கையால் குத்த, அது திறந்துகொண்டது. மழையின் இரைச்சல் உள்ளே வந்தது. சாக்கடைப் பக்கம் ஏதோ கத்தியது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அது வேற" என்றார். இன்னொன்று தூரத்தில் கத்தியது. காதைத் திருப்பிக் கேட்டார். "அதுவும் வேற."

இந்தத் தேரைக்கு உலகத்தில் யாருமில்லை என்று சாதித்து முதல் மாடியையே இழந்த மனிதர், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தான் சொன்னது தப்பாகிவிட வேண்டும் என்று முகத்தை மழைக்குள் நீட்டி நின்றார். சட்டையின் முன்புறம் முழுக்க நனைந்துவிட்டது. பெரியவர் மறுபடி கூப்பிட்டு நிறுத்தினார்.

மூன்று பேரும் காது கொடுத்துக் காத்திருந்தார்கள்.